வகை சார்

ஒரு பொருளைக் காட்டினால் அது என்னவென்று பார்ப்பவர்கள் உண்டு. எதற்கு உதவும் என்று பார்ப்பவர்கள் உண்டு. அவர் இரண்டையும் பார்க்கமாட்டார். "இது இன்னா வகை?" என்று கேட்பார். வகை தெரிந்துவிட்டால் அந்தப் பொருளோடு அவருக்கு இருந்த உறவு அன்றோடு தீர்ந்தது. அப்புறம் நீங்கள் அதை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் எல்லாரும் அவரை வகை சார் என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயரும் அவருக்கு உண்டு. அதை இங்கே எழுதி அவருக்கு மரியாதை தேடித்தர எனக்கு மனமில்லை.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பார். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தாலும் அந்த அட்டையைக் கழற்றமாட்டார், கர்த்தருக்கே ஆள் அடையாளம் தெரியாதோ என்னவோ. வலது கையில் எப்போதும் கார் சாவி இருக்கும். அந்தச் சாவியோடு வட்டமாக ஒரு பழைய பித்தளைத் தகடு கோத்திருக்கும். யோசிக்கும்போது சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றுவார். சுற்றிச் சுற்றி டக்கென்று உள்ளங்கையில் பிடித்தார் என்றால் வகை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததற்குக் காரணம் ரயில். தங்கவயலில் சுரங்கம் மூடியபிறகு எங்கள் ஊரிகம் பகுதியில் விடிந்ததும் நடக்கிற ஒரே பெரிய வேலை, ஊர் காலியாவதுதான். வேலைக்குப் போகிற வயதில் இருக்கிற அத்தனை பேரும் டிபன் பாக்ஸோடு பெங்களூர் ரயிலில் ஏறிவிடுவோம். லைன் வீடுகளில் பகலில் மிஞ்சுவது வயதானவர்களும் நாய்களும். என் அப்பாவும் அப்படி மிஞ்சினவர். சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தார், பாறை சரியாமல் இருக்க உள்ளே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. அம்மா போனபிறகு வீட்டில் நானும் அவரும்தான். முட்டி தேய்ந்துவிட்டது, இருமல் விடுவதில்லை, கண்ணும் சுமார். பகலில் தனியாக விழுந்துவைத்தால் யார் தூக்குவது? பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தை விசாரித்துவிட்டு வந்து பேச்செடுத்தேன். "என்னை இந்த வூட்லருந்து பொட்டியில வெச்சுத்தான் எடுத்துகினு போவணும் பாப்பா," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சர்ச் மண்டபத்தில் ஒரு கூட்டம் என்று அறிவித்தார்கள். தனியாக இருக்கும் பெரியவர்களைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம், இலவசமாம். போனோம். வகை சார் மேடையில் நின்று, "நானும் இந்த ஊர் ஆள்தாங்க. எங்கப்பாவும் மைன்ஸ்தான்," என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் ஊர் வாசனை ஒரு சொட்டு இல்லை. வீட்டில் அங்கங்கே சின்னக் கருவிகளை ஒட்டுவார்கள். பெரியவர் கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள். கருவிகள் வெறும் சேதி மட்டும் அனுப்பும்: இங்கே அசைவு இருக்கிறது, அங்கே இல்லை, காற்றில் புகை இருக்கிறது. அந்தச் சேதிக்கு அர்த்தம் தெரியவேண்டுமே. அதற்குத்தான் அவருடைய அறிவு வரைபடம். அதற்கு இங்கிலீஷில் பல்லை உடைக்கும் ஒரு பெயர் சொன்னார், பாஸ்டரே திருப்பிச் சொல்லத் தடுமாறினார்.

திரையில் ஒரு மரம் மாதிரி விரிந்தது. மனிதர், அதிலிருந்து முதியவர், அதிலிருந்து தனியாக வாழும் முதியவர், அதிலிருந்து நோயுள்ளவர், இல்லாதவர் என்று கிளை கிளையாகப் போனது. இன்னொரு பக்கம் வீடு, அறை, கட்டில், குளியலறை. எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று கோடு போட்டிருந்தார்கள். கட்டில் என்பது ஓய்வுக்கான இடம். பதக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆள். பதக்கம் பகலில் கட்டில் பக்கம் அசையாமல் இருந்தால் ஆள் ஓய்வில் இருக்கிறார். இப்படி உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வகைப்படுத்திக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் நம்மைப்போலவே புரிந்துகொள்ளும் என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "நான் பகல்ல பக்கத்து வூட்டுக்குப் போவேனே, அதுக்கு இன்னா காட்டும்?" என்று கேட்டார்.

"அது சமூகத் தொடர்பு வகைம்மா."

"சண்டை போடப் போனா?"

சாவி சுற்றியது. டக். "அதுவும் சமூகத் தொடர்புதான்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என் அப்பா தனியாக இருக்கிறாரே. வீட்டு வாசலில் நாய் நின்றாலும் சேர்த்துக்கொள்ளும் நிலைமையில் நான் இருந்தேன், இவரையும் சேர்த்துக்கொண்டேன்.

கருவி மாட்ட அவர் வீட்டுக்கு வந்த அன்று லீவு போட்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அப்பா இருமினார்.

"இது இன்னா வகை இருமல் அங்கிள்?"

"மைன்ஸ் இருமல் சார்."

"அப்படி ஒரு வகை இல்லையே. சளி வருதா, வறட்டு இருமலா?"

"ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கீழ எறங்கினவங்க எல்லாருக்கும் இதான் கீது. மைன்ஸ் இருமல்னு சொன்னா டாக்டருக்கே தெரியும் சார்."

"டாக்டருக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியணுமே," என்று சாவியைச் சுற்றினார். டக். "நாள்பட்ட இருமல், காரணம் மற்றவை." பாதி ஆயுளைப் பூமிக்கு அடியில் கழித்து, கல் தூசியைத் தின்று வாங்கிவந்த இருமல் 'மற்றவை'யில் போய் உட்கார்ந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் சாப்பாடு எடுத்துவைக்க எழுந்துபோனேன்.

ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, மூன்றாவது உருண்டைக்கும் தட்டை நீட்டினார். வாயில் களி இருக்கும்போதே கேட்டார், "அங்கிள், களி உங்களுக்கு மெல்லுற வகையா, குடிக்கிற வகையா?"

"களியை எவன் சார் மெல்லுவான்? குழம்புல பொரட்டி முழுங்க வேண்டியதுதான்."

"மெல்லாமல் விழுங்குகிறார்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் லேப்டாப்பில் தட்டினார், மறுகையால் அடுத்த உருண்டையை முழுங்கினார். அடுத்த வாரம் என் போனுக்குச் சேதி வந்தது: 'உங்கள் தந்தைக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். மருத்துவரை அணுகவும்.' எனக்கு மட்டும் இல்லை. ரயிலில் எங்கள் பெட்டி முழுக்க அதே சேதி, அதே பேச்சு. பேத்தமங்களாவிலிருந்து வரும் ஒருத்தி பயந்துபோய் மாமியாரை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்விட்டாள். தங்கவயலில் களி தின்ற பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தொண்டையில் கோளாறு. வகை சாரும் மெல்லவில்லை, நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு யார் சேதி அனுப்புவது?

கிளம்பும் அவசரத்தில் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார். வட்டமாக, வெள்ளையாக, தலையில் ஒரு துளையோடு இருந்தது. துளையில் கயிறு, நடுவில் நம்பர். அப்பா அந்த நம்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"டோக்கன் மாதிரி கீதே சார்?"

அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள். பையை மாட்டிக்கொண்டே, "ஆமா அங்கிள், டோக்கன்னே வெச்சுக்குங்க. இது இருந்தா நீங்க எங்க கீறீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும்," என்றார். 'இன்னா வகை'யை விட்டால், அன்று முழுக்க அவர் வாயில் வந்த ஒரே ஊர்ப்பேச்சு அதுதான்.

"அதுக்குத்தானே டோக்கன்," என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு வகை சாரின் கையில் இருந்த சாவிக்கொத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

எப்போதும் அணிந்திருக்கவும் என்று இங்கிலீஷில் அச்சடித்த அட்டை ஒன்று கூட வந்திருந்தது. அப்பாவிடம் படித்துச் சொன்னேன். "வூட்டுக்குள்ள கீற வரைக்கும் கழுத்துலதான் பாப்பா," என்றார். நான் பார்த்தவரை அப்படித்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது மட்டும் அதைக் கழற்றி, கட்டிலுக்கு மேலே கதவோரம் இருக்கும் ஆணியில் மாட்டுவார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வார். வெளியில் தொலைக்காமல் இருக்கிறாரே என்று எனக்குத் திருப்தி.

காற்றுக் காலம் வந்தது. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி எழுந்து லைன் முழுக்க இறங்கியது. சோற்றில் புழுதி, துணியில் புழுதி. சுவரில் ஒட்டியிருந்த கருவி புகை புகை என்று பகலெல்லாம் கத்தியது, என் போனும் ஆபீசில் கூடவே கத்தியது. வகை சாருக்குப் போன் போட்டேன். "பாத்துக்கறேன் மேடம்," என்றார். மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. புழுதி அப்படியேதான் இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று கேட்டதற்கு, "இல்ல மேடம், மேட்டுப் புழுதியைச் சாதாரணம்னு மாத்திட்டேன். உங்க ஊர்ல அது எப்பவும் இருக்கிறதுதானே," என்றார். உங்க ஊராம். மேடையில் நின்றபோது அவருக்கும் இதுதான் ஊர்.

எனக்கு அவர்மேல் கோபம் என்று நினைக்கவேண்டாம். கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் இருக்கவேண்டும். எனக்கு அவரிடம் அப்போதும் இளக்காரம்தான், இப்போதும் இளக்காரம்தான். ஒரு பாட்டு டீச்சரம்மாவின் சாவு வீட்டில் அது கெட்டியாகப் படிந்தது.

பின் லைனில் இருந்தவர் அந்த அம்மா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, பதக்கம் இருந்தது. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், பால் போட வந்தவர்தான் பார்த்துச் சொன்னார். சேதி கேள்விப்பட்டு வகை சார் பெங்களூரிலிருந்து காரில் வந்தார். பெரிய மலர் வளையம் கொண்டுவந்தார், பாட்டுப் பாடும்போது தலைகுனிந்து நின்றார். பரவாயில்லையே என்று நான் நினைக்கத் தொடங்கினேன். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் என் காதருகே குனிந்தார்.

"மேடம், அந்தப் பதக்கத்தைக் கழட்டிட்டாங்களா? கழட்டலைன்னா ஓய்வுன்னே காட்டிட்டு இருக்கும்."

"காலையிலருந்து அப்படித்தான் காட்டுதா சார்?"

"ஆமா. கட்டில், அசைவில்லை. டெக்னிக்கலா தப்பு இல்லையே."

பதக்கத்தைக் கழற்றிக்கொண்டுதான் போனார். அடுத்த மாதக் கூட்டத்தில், வரைபடத்தில் இறந்தவர் என்று புதிய வகை ஒன்று சேர்த்திருப்பதாக அறிவித்தார். அதுவரை அந்த மரத்தில் சாவே இல்லை. கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

அப்பா விழுந்த அன்று வழக்கம்போல ரயிலுக்குப் போனேன். மத்தியானம் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பச்சைப் புள்ளியோடு சேதி வந்தது: 'உங்கள் தந்தை ஓய்வில் இருக்கிறார்.' பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டிவிட்டுச் சாப்பிட்டேன். சாயங்காலம் ரயிலில் வரும்போது இன்னொன்று வந்தது: 'இன்று உங்கள் தந்தை நன்றாக ஓய்வெடுத்தார்.'

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கட்டில் காலி. ஆணியில் பதக்கம் தொங்கியது. "அப்பா," என்று கூப்பிட்டேன். பின்பக்கத்திலிருந்து இருமல் கேட்டது. காரணம் மற்றவை என்று எழுதப்பட்ட அதே இருமல்தான். அது இல்லையென்றால் நான் வாசல் பக்கமாகத் தெருவில் தேடப் போயிருப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த குளிக்கும் இடம். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், காலையில் நான் போனதும் குளிக்கப் போனவர். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து அழவில்லை, திட்டவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

"டோக்கன் தொங்குதே பாப்பா. ஒருத்தனும் பாக்கலியா?"

பயத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வலிக்கு ஊசி போட்டு, கொஞ்சம் தெளிந்தபிறகும் அதையேதான் கேட்டார். அப்போதுதான் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன்.

"கேஜ்ல ஏறி கீழ எறங்கறதுக்கு முன்னாடி டோக்கனைக் குடுத்துடணும். அதை போர்டுல மாட்டிடுவாங்க. மேல வந்ததும் திருப்பி வாங்கிக்கணும். ஷிப்டு முடிஞ்சும் ஒரு டோக்கன் தொங்குதுன்னா இன்னா அர்த்தம்? ஒரு ஆள் இன்னும் வர்ல. ஒடனே தேட ஆள் எறங்கும். யார் எவர்னு பாக்க மாட்டாங்க, எறங்கிடுவாங்க. நான் வூட்டை வுட்டு எறங்கும்போது மாட்டிட்டுத்தான் எறங்கினேன். அவரே டோக்கன்தான்னு சொன்னாரே. பெங்களூர்ல யாராவது போர்டைப் பாத்துகினு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

பகல் முழுக்க அந்த ஈரத்தில் அப்பா நம்பிக்கையோடு கிடந்திருக்கிறார். கத்தக்கூட இல்லையாம். டோக்கன் தொங்கும்போது எதற்குக் கத்தவேண்டும், சக்தியைச் சேர்த்துவைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் சுரங்கத்தில் கற்றது. இதோ வருவார்கள், இதோ வருவார்கள் என்று அவர் படுத்திருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எனக்குப் பச்சைப் புள்ளி வைத்தது.

மறுநாள் வகை சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். அப்பா டோக்கன் கதையை முதலிலிருந்து சொன்னார். என்னிடம் சொன்னதைவிட அவரிடம் பொறுமையாகச் சொன்னார், இன்னொருத்தர் விழக்கூடாதே என்று. வகை சார் கேட்டுக்கொண்டே சாவியைச் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். டக்.

"பதக்கத்தை நீங்களேதானே கழட்டினீங்க அங்கிள்? வேற யாரும் கழட்டலையே?"

"நான்தான் சார் மாட்டினேன்."

"ஓகே," என்று தட்டினார். அவர் படியிறங்குவதற்குள் என் போனில் சேதி. 'உங்கள் தந்தை: ஒத்துழைக்காத முதியவர். தனியாக வாழத் தகுதி: இல்லை. முதியோர் இல்லப் பராமரிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.'

நான் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. என் முகத்தைப் பார்த்து, என்ன என்ன என்று கேட்டுப் படிக்கவைத்துவிட்டார். சேதி முழுவதையும் கேட்டார். இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது அவரை அவ்வளவு தைக்கவில்லை.

"ஒத்துழைக்கலியா? நானா? ஒரு ஷிப்டுல கூட டோக்கன் குடுக்காம நான் எறங்கினது இல்ல பாப்பா."

பிறகு ஆப்பிள் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவுருக்குத் தெரியாதது இல்ல. அவர் சாவியில ஒண்ணு தொங்குதே, பாத்தியா? அது அவங்கப்பா டோக்கன். அவர் வேலை பாத்த லெவல்ல பாறை வெடிச்சு உளுந்த அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சும் போர்டுல அது ஒண்ணுதான் தொங்குச்சு. இவர் அப்பதான் காலேஜ் முடிச்சிருந்தார். அவங்கம்மாவைப் புடிச்சிகினு போர்டு முன்னாடியே நின்னார். பொணத்தை எடுத்தப்பறம் டோக்கனைக் கழட்டி இவர் கையிலதான் குடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னேன். மொத நாள் வூட்டுக்கு வந்தப்பவே ஆளையும் டோக்கனையும் பாத்துத் தெரிஞ்சுகிட்டேன். கேக்கலாம்னு பாத்தேன். பாவம், எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு வுட்டுட்டேன்."

அப்பா அவருக்காகப் பாவம் பார்த்தார். எனக்கு அது வரவில்லை. தெரியாதவன் செய்தால் மன்னித்துவிடலாம். இவருக்கு ஆணியில் தொங்கும் ஒரு வட்டத்தைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று தங்கவயலில் யாரைவிடவும் நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள அவர் கொடுத்த விலை சின்னதும் அல்ல. அப்படித் தெரிந்ததை விட்டுவிட்டு, கட்டில் என்பது ஓய்வுக்கான இடம் என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

அப்பாவை இல்லத்துக்கு அனுப்பவில்லை. வாக்கர் பிடித்து வீட்டுக்கே வந்தார். பகலில் எதிர் லைனிலிருந்து ஒரு அம்மா வந்து கூட இருக்கிறார். இருவருக்கும் பொழுது விடிந்தால் சண்டை, வகை சார் பாஷையில் சமூகத் தொடர்பு. சுவரில் ஒட்டியதையெல்லாம் நானே பெயர்த்து எடுத்தேன். பதக்கத்தோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு சர்ச் மண்டபத்துக்குப் போனேன்.

புதிய குடும்பங்கள் வந்திருந்தன. பூதிகோட்டைப் பக்கமிருந்துகூட யாரோ அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தார்கள். திரையில் மரம் இன்னும் பெரிதாகியிருந்தது. ஒரு கிளையின் நுனியில் 'ஒத்துழைக்காத முதியவர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அது என் அப்பா. கூட்டம் கலையும்வரை காத்திருந்து பையை மேசைமேல் வைத்தேன்.

"டோக்கன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும் மேடம். எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"அப்பறம் ஏன் சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லல?"

"சொல்லலாம். ஆனா எந்த வகையில போடுறது சொல்லுங்க. அது பொருளா, பழக்கமா, இடமா? எதுலயும் ஒழுங்கா உட்கார மாட்டேங்குது. அதான் விட்டுட்டேன்." நியாயமான ஒரு சிரமத்தை நான் புரிந்துகொள்ளவேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். சாவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டி அந்தத் தகட்டை நிறுத்தினேன். இவ்வளவு கிட்டத்தில் அதை அன்றுதான் பார்க்கிறேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. நடுவில் அடித்த நம்பர் இன்னும் படிக்கிற மாதிரிதான் இருந்தது.

"இது இன்னா வகை சார்?"

குனிந்து பார்த்தார். கொஞ்சம் யோசிக்கக்கூட இல்லை.

"இதுவா? கீ செயின்," என்றார்.